கேட்பதற்கு முன்பே எழுதிய பதில்

மகனே,

ஊர் போய்ச் சேர்ந்ததும் சுகத்துக்கு ஒரு வரி எழுது என்று ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ புறப்படும் முன்பே உன் சாப்பாட்டுப் பையில், புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு மேலேயே வைத்துவிட்டேன். பாகாலாவில் ரயில் மாறும்போது எப்படியும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். பொட்டலத்தைப் பிரிக்கும்போது இது கையில் வரும். சாப்பிட்டுவிட்டுப் படி, படித்த பிறகு சாப்பிடத் தோன்றாது. நேரில் சொல்லத்தான் மூன்று நாளாக முயன்றேன். நீ புது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க பையன் மாஜிஸ்திரேட்டா போறாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் வாய் வராமல் போவது எனக்குப் பழைய வியாதி.

இதன் நகல் ஒன்று சித்தூரில் ஒரு வக்கீலிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் படிக்கக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நான் வேலை பார்த்த ஊரின் பெயரையும், அங்கே இருந்த அதிகாரிகளின் பெயரையும் எழுதவில்லை. உனக்கு ஊர் தெரியும். அதிகாரியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட்டு. அங்கே சொல்லப்போகிறேன்.

நான் எத்தனை வருஷம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு குமாஸ்தாவாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீ பெருமையாகச் சொல்வாய். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போலீஸார் ஒருவரைப் பிடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் அவரைப் பார்த்து, போலீஸார் உன்னை அடித்தார்களா, துன்புறுத்தினார்களா என்று கேட்க வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுத வேண்டும். இதை எல்லாம் நீ பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன். மனப்பாடம் செய்யாத ஒன்றை நான் சொல்கிறேன். எங்கள் கோர்ட்டில் திங்கட்கிழமை என்றால் பதினைந்து இருபது பேர் வந்து நிற்பார்கள். கோர்ட்டு கூடுவதற்கு முன்பே காலையில் உட்கார்ந்து எல்லோருடைய ரிமாண்டு காகிதத்தையும் நான் எழுதி வைத்துவிடுவேன். பெயர், தகப்பன் பெயர், குற்ற நம்பர், அடுத்த வாய்தா தேதி. கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி: போலீஸார் மீது புகார் ஏதும் இல்லை என்கிறான். மாஜிஸ்திரேட் கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய குமாஸ்தா அப்படித்தான் செய்தார். நானும் செய்தேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை, சுறுசுறுப்பானவன் என்றுதான் சொன்னார்கள். கேள்வி கேட்கப்படும் முன்பே அதற்குப் பதில் எழுதிவிடுகிறோமே என்று ஒரு நாளும் எனக்கு உறுத்தவில்லை. 

ஆந்திர ராஜ்யம் பிரிந்து வந்த புதிது அது. சித்தூர் ஜில்லாவில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரே கலாட்டா. இன்றைக்கு மறியல், நாளைக்கு ஊர்வலம், அதற்கு மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் தார். நீ திருப்பதியில் இண்டர் படித்துக்கொண்டிருந்தாய். உன் ரூமில் இருந்த தெலுங்குப் பையன்களோடு நீ ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், உனக்கு ஒன்றும் தெரியாது. ஆபீசில் எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிற குமாஸ்தாக்களை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்த காலம். டீ குடிக்க வெளியே போனால்கூட, மறியல்காரன் யாரோடாவது பேசினானா என்று கவனிப்பார்கள். நான் சங்கத்திலும் இல்லை, சண்டையிலும் இல்லை. ஆனாலும் பயம். தலையைக் குனிந்துகொண்டே நடந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கன்னியப்பன் என்று ஒருவர். நகரியில் நெசவாளி, சொந்தத் தறி. அந்த வாரம் சேலைக்கரைக்காக நூலுக்குக் கறுப்புச் சாயம் போட்டிருக்கிறார். மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையும் கறுப்பு. நகரியில் சாயம் போடுகிற வாரத்தில் பாதி ஊர் அப்படித்தான் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விடியற்காலை ரயிலைப் பிடிக்க அவர் ஸ்டேஷனுக்கு வந்தபோது தெலுங்குப் பலகையில் தார் ஈரம் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. அங்கே வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், இவருடைய கையைப் பார்த்தார். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் தெற்கே எங்கேயோ இருந்து வந்தவர், தமிழர்தான். சாயம் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறியிருக்கும், தார் மேலே ஒட்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்திருந்தால் போதும். தார் என்றால் கரைந்திருக்கும், சாயம் என்றால் அப்படியே இருந்திருக்கும். ஸ்டேஷனில் நாலு அரிக்கேன் விளக்கு இருந்தது, அதற்கு மண்ணெண்ணெயும் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை. கூட இருந்தவன் யார், இன்னொருவன் யார் என்று கேட்டு இரண்டு நாள் வைத்து அடித்தார்கள். எந்தக் கை தார் பூசியதோ அந்தக் கைக்குத்தான் அடி என்று உள்ளங்கையிலேயே லத்தியால் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், நேற்று மாலைதான் பிடித்தோம் என்று தேதி போட்டு எங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். மணி ஒன்றரை தாண்டிவிட்டது. மாஜிஸ்திரேட் கடற்கரை ஜில்லாக்காரர், கெட்டவர் இல்லை, தமிழ் மட்டும் சரியாகப் புரியாது. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் நான்தான் எடுத்துச் சொல்வேன். கன்னியப்பன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கினார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கை சேரவில்லை.

"சாமி, இது சாயம் சாமி. தார் இல்ல. கை மேலயே அட்ச்சாங்க. வெரலு மடங்க மாட்டேங்குது" என்றார்.

பக்கத்தில் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தான். குரல் ரொம்பச் சன்னம். ஆனால் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாஜிஸ்திரேட் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே, "ஏமன்டுன்னாடு?" என்று தெலுங்கில் என்னைக் கேட்டார், என்ன சொல்கிறான் என்று.

"ஏமீ லேது சார்" என்றேன். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஏன் அப்படிச் சொன்னாய் நைனா என்று நீ கேட்பாய். பத்து வருஷமாக நானும் கேட்டுக்கொள்கிறேன். தமிழனுக்குத் தமிழன் பரிந்து பேசுகிறான் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் உண்டு. இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றதும் உண்டு. ஆனால் உண்மையான காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். அந்த வரி ஏற்கனவே எழுதியாகிவிட்டது. அதை அடித்தால் அடித்த இடத்தில் மாஜிஸ்திரேட்டின் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். காகிதம் அசிங்கமாகிவிடும், புதிதாக எழுத வேண்டியிருக்கும், சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிவிட்டது. ஒரு மனுஷனின் இரண்டு கையை விட ஒரு சுத்தமான காகிதம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. அவருடைய கையைப் பார்க்காமலும் இல்லை. கறுப்புக்கு அடியில் வீக்கம் தெரிந்தது. சாயம்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினைந்து நாள் சப் ஜெயிலில் இருந்தார். ஜெயில் டாக்டர் வந்து பார்ப்பதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. எப்போது பட்ட காயம் என்று சொல்ல முடியாது என்று எழுதினார். தார் கேஸ் சாட்சி இல்லாமல் விழுந்துவிட்டது. ஆனால் வலது கையில் இரண்டு விரல் மடங்கவே இல்லை. அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாத கையை வைத்துக்கொண்டு நெசவாளி என்ன செய்வார்? இன்னொருவர் என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. அடித்த அதிகாரியைக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்று சித்தூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்தார். அந்த வக்கீல் தெலுங்கர். எல்லை விஷயத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தமிழ்ப் பக்கம் விடக்கூடாது என்று மேடையில் பேசியவர். அடித்தவர் தமிழர், அதைக் கேட்க வந்தவர் தெலுங்கர். எந்த மொழிக்காக ஊர் அடித்துக்கொண்டதோ, அந்த மொழி இந்த விஷயத்தில் யாருக்கும் உதவவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வக்கீல் நம் வீட்டுக்கே வந்தார். உன் அம்மா மோர் கொடுத்தாள். "குமாஸ்தாகாரு, அன்னிக்கு நடந்தத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் இன்ஸ்பெக்டர் மேல் கேஸ் போட்டார், அதில் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். வக்கீல் என்னைக் கேட்டார், இந்த வரியை எப்போது எழுதினீர்கள் என்று. கைதியைக் கேட்ட பிறகு என்றேன். கையில் காயம் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை, சாயக்கறைதான் இருந்தது என்றேன். சாயம், தார் இல்லை என்று கன்னியப்பன் கெஞ்சினாரே, அதில் பாதியைப் பிய்த்து எடுத்து அவருக்கு எதிராகவே வைத்தேன். கடவுள் சாட்சியாக என்று சத்தியம் செய்துவிட்டு வைத்தேன். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை மாஜிஸ்திரேட்டைப் பார்த்தபோதே புகார் சொல்லவில்லை, பிறகு ஜோடித்தது என்று சொல்லி, குற்றச்சாட்டு எழுதாமலே இன்ஸ்பெக்டரை விடுவித்தார்கள். உத்தரவில் என் வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள்.

மறுநாள் நான் திருப்பதிக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். முடி கொடுத்தேன். "என்ன வேண்டுதல் நைனா?" என்று கேட்டாய். உன் பரீட்சைக்கு என்றேன். நீ என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாய். அந்த முடி உனக்காகக் கொடுத்தது இல்லை. கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு மாசத்தில் வளர்ந்துவிட்டது. சுவாமியிடம் சொல்லிவிட்டோம், இனி மனுஷனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன் பார், அதுதான் நான் செய்த அடுத்த பிசகு.

அப்புறம் எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திரப் பக்கமே நின்றது. இன்ஸ்பெக்டர் மதராஸ் சர்க்காருக்கு விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அங்கே பெரிய பதவிக்கும் வந்துவிட்டார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஆள் அங்கே, கேஸ் கட்டு இங்கே, இனி யார் யாரைக் கேட்பது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எத்தனையோ பேர் அந்த எல்லைக்கோட்டுக்காக அடி வாங்கினார்கள். நான் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

நீ வக்கீலாக இருந்தபோது ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு கேஸ் ஜெயித்தேன் என்று சொன்னாய். போலீஸ் அடித்தது என்கிறான், ரிமாண்டில் அப்படிச் சொல்லவே இல்லையே, அதை வைத்து மடக்கிவிட்டேன் என்று கை தட்டிச் சொன்னாய். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று உன் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். என்னைப் போல எந்தக் குமாஸ்தா எந்த ஊரில் காலையிலேயே அந்த வரியை எழுதி வைத்தானோ என்றுதான் அன்று நினைத்தேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

உன் வேலை உத்தரவு வந்த வாரம் நான் நகரிக்குப் போனேன். உன் அம்மாவிடம் புத்தூரில் கல்யாணம் என்று சொன்னேன். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை, கை போன கன்னியப்பன் என்றால் தெரிகிறது. தறியில் அவர் சம்சாரம் ராஜம்மா உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் கீழே உட்கார்ந்து இடது கையால் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், இம்மாந்தூரம்?" என்றார்.

மன்னிப்பு, பாவம் என்று ஏதேதோ யோசித்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். அன்னிக்கி நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா, இல்லியா? நான்தான் மெல்லப் பேசிட்டனோ, கொஞ்சம் சத்தமா சொல்லியிருந்தா கேஸு நின்னிருக்குமோன்னு பத்து வருசமா நெனச்சிக்கினே கீறேன். இவகூட திட்டுவா, வாயத் தொறந்து பேசியிருக்கக் கூடாதான்னு."

மகனே, அடித்தவரை அவர் திட்டவில்லை. என்னைத் திட்டவில்லை. இத்தனை வருஷமும் தன் குரலையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"கேட்டுது" என்றேன். "நல்லாவே கேட்டுது."

தறிச் சத்தம் நின்றுவிட்டது. ராட்டையும் நின்றுவிட்டது. அவர் அந்த மடங்காத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காபி வேண்டாம் என்று மரியாதைக்குச் சொன்னேன், யாரும் கொடுக்கவே இல்லை. ராஜம்மாதான் தறியில் இருந்தபடியே சொன்னார்: "வாயால சொல்லிட்டுப் போனா ஆச்சா? அன்னிக்கி எழுதினீங்க இல்ல, அதே மாதிரி எழுதிக் குடுங்க. அப்புறமா வந்து காபி குடிங்க."

நியாயம்தானே? அங்கிருந்து நேரே சித்தூர் பஸ் ஏறினேன். அந்தப் பழைய வக்கீல் இப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே பேசுகிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப சார்ஜ் போடாம விட்டாங்களே தவிர, குத்தவாளி இல்லைன்னு தீர்ப்பு சொல்லல. புது சாட்சி வந்தா திரும்பவும் கேஸ் போடலாம். அவர் எந்த ஸ்டேட்டுல இருந்தா என்ன, அடிச்சது இங்க" என்றார். பிறகு, "குமாஸ்தாகாரு, பொய் சாட்சின்னு உங்க மேலயும் கேஸ் வரும். பிள்ளைக்கு இப்பத்தான் உத்யோகம் வந்திருக்கு. நல்லா யோசன பண்ணிக்கோங்க" என்றார். பத்து வருஷம் யோசித்தாகிவிட்டது என்றேன். பிரமாணப் பத்திரத்தை என் கையாலேயே எழுதினேன். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது, மூன்று இடத்தில் அடித்து மூன்று இடத்திலும் சுருக்கொப்பம் போட்டேன். போன வியாழக்கிழமை புகாரோடு சேர்த்துக் கோர்ட்டில் கொடுத்தாகிவிட்டது. நகரிக்கு இன்னும் காபி குடிக்கப் போகவில்லை.

உனக்குக் கோபம் வரும். வேலையில் சேருகிற வாரத்தில் இப்படிச் செய்தாரே, உத்தரவு உறுதியாகும் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைப்பாய். பொறுத்திருக்கலாம். பிறகு உன் கல்யாணம் வரும், பிறகு பேரன் வருவான். பொறுத்துக்கொள்ளக் காரணம் எனக்கு எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்குத் தண்டனை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. பெரிய ஆள், பெரிய வக்கீல், பழைய கேஸ். ஆனால் அவர் ஒரு நாளாவது கூண்டில் ஏறி, நீ அடித்தாயா என்ற கேள்வியைத் தன் காதால் கேட்க வேண்டும்.

என்னையும் பிடிக்கலாம். பிடித்தால் உன் வயசுப் பையன் ஒருவன் முன்னால்தான் நிறுத்துவார்கள். பக்கத்தில் என்னைப் போல ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பான். நான் மாஜிஸ்திரேட்டின் முகத்தைப் பார்க்க மாட்டேன், அவனுடைய காகிதத்தைத்தான் பார்ப்பேன். உன் கோர்ட்டில், நீ கேட்டு முடிக்கும் வரைக்கும் காகிதத்தில் அந்தக் கடைசி வரி வெறுமையாக இருக்கட்டும். உன் குமாஸ்தா சுறுசுறுப்பானவனாக இருந்தால் ஜாக்கிரதையாக இரு. கேட்கும்போது போலீஸை வெளியே நிற்கச் சொல். கையில் என்ன கறை இருந்தாலும் கிட்டே கூப்பிட்டுப் பார். மொழி புரியாவிட்டால் ஒரே ஒருவன் வாயை நம்பாதே, அவன் உன் அப்பாவைப் போல நல்லவனாக இருந்தாலும் நம்பாதே.

ரயில் வருகிற நேரம் ஆகியிருக்கும். எழுந்து போ. நாளைக்கு உன் முன்னால் வந்து நிற்கிற முதல் ஆள் மெல்லத்தான் பேசுவார். எழுதிக்கொள், ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவருடைய முகத்தைப் பார்த்து, "கேட்டது" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிடு.

உன் நைனா